படுகளத்தார் வீட்டுப் பத்திரிகை

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்தாயிற்று, இனி இந்தக் கல்யாணத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று போன வாரம் பெரிதாக மூச்சு விட்டேன் அல்லவா? அந்த மூச்சைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கலாம்.

புதிதாக வந்தவர்களுக்காக மறுபடியும் சொல்லிவிடுகிறேன். நான் சாவித்திரி. கண்ணமங்கலத்தில் பிறந்தவள். பெரணமல்லூர் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, மூன்றாம் மாதமே ஆரணிக்குக் குடிவந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் இளஞ்செழியன் சேத்துப்பட்டு ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் இளமதி. வேலூரில் வேலை பார்க்கிற இடத்தில் அன்பரசுவைப் பார்த்து, பிடித்துப்போய், எங்களிடம் வந்து சொன்னாள். விசாரித்தால் பையன் என் வீட்டுக்காரரின் சொந்த ஊர், எங்கள் ஜனம். அப்பா அம்மா இல்லாத அவனை வளர்த்து ஆளாக்கியவர் பெரியப்பா அருணாச்சலம். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். சந்தோஷமாகத் தலையாட்டினோம்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. அதையும் சொல்லியிருக்கிறேன், சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

"நாங்க பத்தாவது படிக்கசொல்ல…" என்று ஆரம்பித்தால் எரிந்த மோட்டாரோடு கடை வாசலில் நாலு பேர் நின்றாலும் நிறுத்தமாட்டார். அடுத்தவன் கொல்லியில், அதாவது நிலத்தில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கி, சருகு போட்டுக் கொளுத்தி, சுடச்சுடத் தின்றுவிட்டு வாயெல்லாம் கரியோடு வீட்டுக்குப் போவார்களாம். கேட்டால் பல் விளக்கினோம் என்பார்களாம், சாயங்காலம் ஐந்து மணிக்கு. கூத்துக்காரர்கள் விடிய விடிய ஆடிவிட்டு அசந்து தூங்கும்போது கிரீடத்தை எடுத்துக்கொண்டுபோய் எருமை தலையில் கட்டினார்களாம். பம்புசெட்டு ரூமில் பீஸ் கட்டையைப் பிடுங்கி ஒளித்துவிட்டு, அதைத் தேடுகிறவரோடு கூடவே நின்று தேடினார்களாம்.

"அந்த பீஸ் கட்டையிலதான் சாவித்திரி எனுக்குத் தொழிலே ஆரம்பிச்சது" என்று வேறு பெருமை.

இந்த அட்டகாசத்துக்கெல்லாம் கூட்டாளி அன்புச்செல்வன். அவர் இன்னும் கிராமத்தில்தான் இருக்கிறார். தினமும் போனில் அரை மணி நேரம் இரண்டு பேரும் பழைய கிணற்றில் குதித்துக் குதித்து எழுந்திருப்பார்கள். கேட்டுக் கேட்டு என் காதில் ரத்தம் வராத குறைதான். இத்தனை கதை சொன்ன மனிதர் ஒரே ஒரு கதையை மட்டும் என்னிடம் சொல்லவே இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது அந்த ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை. பக்கத்து வீட்டு ஜெகநாதன் பவர்லூமை ஓட்ட ஆரம்பித்துவிட்டார், சமையல்கட்டுச் சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். இளமதி போனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, பத்திரிகையில அவரு பெரியப்பா பேருக்கு முன்னால இன்னா போட்டுகிறே?"

"படுகளத்தார்னு போட்டேன். ஏன்?"

"அத யாரும்மா போடச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஊர்ல அப்படித்தானே சொல்றாங்க!"

ஆமாம், அப்படித்தான் சொல்வார்கள். நான் மருமகளாகப் போன மூன்று மாதத்தில் என் மாமியார் வாயால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். படுகளத்தார் வூடு, படுகளத்தார் கொல்லி, படுகளத்தார் வூட்டு மாடு. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது கடைசி நாள் படுகளம். வீடு நீளத்துக்கு மண்ணால் துரியோதனனைச் செய்து படுக்கவைத்திருப்பார்கள். பீமன் வேஷம் கட்டியவர் வந்து தொடையில் அடிப்பார். கோயில் காரியம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கு உரிமை உண்டு. படுகளத்துக்கு உரிமைப்பட்ட வீடு இது என்று நான் நினைத்தேன். பூசாரி வீடு, நாட்டாண்மை வீடு என்பதுபோல. வெறுமனே 'திரு. அருணாச்சலம்' என்று போட்டால் மொட்டையாக இருக்கிறதே, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு கௌரவமாக இருக்கட்டும் என்று நானாகத்தான் சேர்த்தேன். தங்கக் கலரில், கொட்டை எழுத்தில்.

அச்சடிப்பதற்கு முன்னால் என் வீட்டுக்காரரிடம் காட்டாமல் இல்லை. அப்போது அவர் அன்புச்செல்வனோடு போனில் இருந்தார். தாளை வாங்கி இப்படிப் பார்த்து அப்படிக் கொடுத்தார். "ஷோக்கா கீது" என்றார். அவ்வளவுதான் அவர் படித்த லட்சணம்.

"அது பட்டப்பேரும்மா!" இளமதியின் குரல் உடைந்தது. "ஊரே அவர கேலி பண்ற பேரு. அவரு எதிர்ல எவனும் சொல்லமாட்டானாம். நேத்து அப்பா தட்டுல வெச்சி குடுத்துட்டு வந்தாரு இல்ல? அதப் படிச்சிட்டு ஒண்ணுமே சாப்புடாம படுத்துட்டாராம்."

கரண்டியோடு அவள் பக்கம் திரும்பினேன். "இப்ப இன்னா சொல்றாரு?"

"நான் வரல, நீங்க நடத்திக்குங்கன்றாராம். பெரியப்பா வராம நான் தாலி கட்டமாட்டேன்னு அன்பரசு சொல்றாரு. அவரு அழுவுறாரும்மா போன்ல."

அவளும் அழுதாள். மூன்று வருஷமாக மனதில் வைத்திருந்து, பயந்து பயந்து எங்களிடம் சொல்லி, நாள் குறித்து, ஜெகநாதன் தறியிலேயே முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வார்த்தையில் எல்லாம் நின்றுவிடும்போல இருந்தது. அதுவும் நான் போட்ட வார்த்தை. மரியாதைக்கென்று போட்ட வார்த்தை.

பின்கட்டில் என் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். இளமதியும் பின்னாலேயே வர, போய் விஷயத்தைச் சொன்னேன்.

மனிதர் சிரித்தார்!

சாதாரணச் சிரிப்பா? வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, "படுகளத்தாரு… அய்யோ… கல்யாணப் பத்திரிகையில!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இளமதி விறைத்துப்போய் அவரைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் கையில் கரண்டி இருந்தது. அதை என்ன செய்யாமல் விட்டேன் என்பது எனக்கும் அம்மனுக்கும்தான் தெரியும்.

"இன்னாங்க சிரிப்பு? உங்க பொண்ணு கல்யாணம் நின்னுபோவப் போவுது!"

அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு நின்றது.

"அந்தப் பேரு எப்படி வந்துச்சி?" என்றேன்.

துண்டைத் தேடினார். தோளில்தான் கிடந்தது.

"உங்களத்தாங்க கேக்கறேன்."

"அது… நாங்க பத்தாவது படிக்கசொல்ல…"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் இந்தத் தடவை முழுசாகக் கேட்டேன். அருணாச்சலத்துக்கு அப்போது நல்ல வயசு. முறுக்கு மீசை, மூக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரு. இவர்கள் இரண்டு பேரும் அவர் கொல்லியில் மல்லாட்டை பிடுங்கும்போது கையும் களவுமாகப் பிடித்து, பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் சொல்லி, பிரேயரில் எல்லோர் எதிரிலும் அடி வாங்க வைத்துவிட்டாராம். அந்தக் கோபத்தில் படுகளத்தன்று விடியற்காலையில் கோயில் மைதானத்துக்குப் போய், செய்து வைத்திருந்த துரியோதனன் முகத்தை மாற்றிவிட்டார்கள்.

"மீச ஏற்கெனவே இருந்துச்சி. அத இன்னும் கொஞ்சம் முறுக்கி வுட்டோம். மருவுக்கு ஒரு கத்திரிக்கா. அச்சு அசலா அவரேதான் படுத்துகினு இருக்கற மாதிரி…" சொல்லும்போதே அவர் கண் மின்னியது. பாவி மனிதர், இப்போதும்!

"யாரு வெச்சது கத்திரிக்காய?"

"நான்தான். அன்புச்செல்வன் வேணாண்டா வேணாண்டான்னு காவலுக்கு நின்னுகினு இருந்தான்."

"பெரியவருக்கு இது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. எங்க ரெண்டு பேருக்குத்தான்."

"நூறு கதை சொன்னீங்களே, இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அது ஒரு மாதிரியா ஆயிப்போச்சி" என்று முணுமுணுத்துவிட்டுக் குளிக்கப் போனார். சிரிக்கிற கதையெல்லாம் வீட்டுக்கு, சிரிக்க முடியாத கதை மட்டும் அவருக்கா?

இட்லியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே மூடிவிட்டுக் கிளம்பினோம். கடைக்கு மோட்டார் ஏற்றுகிற குட்டியானைதான் எங்களுக்கு இருக்கிற வண்டி. முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம், இளமதி நடுவில். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. போகிற இடத்தில் அவர் வாயாலேயே சொல்லட்டும், மன்னிப்புக் கேட்கட்டும் என்று நினைத்தேன். குளித்துவிட்டு வந்தவரிடம் அதைச் சொன்னபோது தலையாட்டத்தான் செய்தார்.

ஊர் எல்லை வந்தது. கையை வெளியே நீட்டினார். "த்தோ பாரு கண்ணு, அந்தக் கெணத்துலதான் நாங்க…"

"அப்பா, போதும்ப்பா!" என்றாள் இளமதி.

அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினார். "நீங்க ரெண்டு பேரும் போய் பேசிட்டு வாங்களேன். நான் வண்டியிலயே இருக்கறேன். பொம்பளைங்க பேசினா அவரு மனசு எறங்கும்."

"எடுங்க வண்டிய" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எடுத்தார்.

அருணாச்சலம் வாசல் பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீசை நரைத்து இறங்கியிருந்தது. மூக்குப் பக்கத்து மரு மட்டும் அப்படியே. அதைப் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று நினைத்து அதையேதான் பார்த்தேன். அன்பரசு கதவோரம் நின்றிருந்தான். ராத்திரி தூங்காத கண்.

"வாம்மா. வா கண்ணு. வாப்பா இளஞ்செழியா, உக்காரு" என்றார் பெரியவர். குரலில் கோபமே இல்லை. கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

"அண்ணா, நான்தான் போட்டேன்" என்று நின்றபடியே ஆரம்பித்தேன். "சத்தியமா எனுக்குத் தெரியாதுங்க. கோயில் மரியாதைன்னு நெனச்சிட்டேன். குடுத்த பத்திரிகையெல்லாம் வூடு வூடா போயி திரும்ப வாங்கிடறேன். வேற அடிச்சிடலாம்."

"மரியாதையா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். லேசாகச் சிரித்தார். "அந்தப் பேர மரியாதைன்னு நெனச்ச மொத ஆளு நீதாம்மா. நீ வெளியூர்க்காரி. உம்மேல எனுக்கு வருத்தம் இல்ல. பத்திரிகைய வேற அடிச்சிடலாம். ஊர் வாயில இருக்கறத எந்த பிரஸ்ல மாத்தி அடிப்பே?"

அவரே தொடர்ந்தார்.

"அந்த வருசம் சேத்துப்பட்டு பக்கம் எனுக்குப் பொண்ணு பேசியிருந்தாங்க. படுகளம் பாக்கறதுக்கு அவங்க ஆளுங்களும் வந்திருந்தாங்க. நான் புதுச் சட்ட போட்டுகினு அவங்க கூடவே நின்னுகினு இருக்கறேன். கூட்டத்துல எவனோ கத்தறான், டேய் அருணாச்சலம் படுத்துட்டாண்டான்னு. எட்டிப் பாத்தா என் மொகம். பீமன் வேசம் கட்டினவரே அடிக்கறத வுட்டுட்டு சிரிச்சிட்டாரு. அந்த மண்ணு வூட்ல இருந்தா நெல்லு பெருகும்னு எல்லாரும் அள்ளிகினு போவாங்க இல்ல? என் மொகத்து மேல ஏறி மிதிச்சிகினு அள்ளிகினு போனாங்க."

இளமதி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணோட தாய்மாமன் ஒத்துக்கல. சாவுக் களத்துல படுத்தவன் பேரு வெச்சிருக்கறவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, அவ பொட்டு நெலைக்குமான்னு தெனமும் பயந்துகினு இருக்கணுமான்னு கேட்டாராம். சரி, போவுதுன்னு வுட்டேன். அப்புறம் ரெண்டு எடம் வந்துச்சி. வர்றவங்க ஊருக்குள்ள வழி கேப்பாங்க. அருணாச்சலம் வூடு எதுன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. ஓ, படுகளத்தார் வூடான்னு கைய காட்டுவான். அவ்ளோதான், வந்தவங்க அப்படியே பஸ் ஏறிடுவாங்க. அதுக்கப்புறம் பொண்ணே பாக்கவேணாம்னுட்டேன்."

ஊர்க்காரர்கள் கையைக் காட்டித்தான் சொன்னார்கள். நான் தங்க எழுத்தில் அச்சடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வைத்து அவர் கையிலேயே கொடுக்க வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தலை குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இப்போதாவது சொல்லுங்கள்' என்று மனசுக்குள் கத்தினேன்.

"நான் கல்யாணத்துக்கு வர்றேம்மா" என்றார் பெரியவர். இளமதி சட்டென்று நிமிர்ந்தாள். "என் புள்ளைக்கு நானே முன்னால நின்னு தாலி எடுத்துக் குடுக்கறேன். ஒண்ணே ஒண்ணு எனுக்குத் தெரியணும். யாரு செஞ்சான் அத? அடிக்கறதுக்கு இல்ல, சண்டைக்கு இல்ல. சாவறதுக்குள்ள தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான். இளஞ்செழியா, உன் வயசுப் பசங்கதான் அப்ப ஊர்ல ஆடிகினு இருந்தாங்க. உனுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுப்பா."

மன்னிப்புக்குக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே நுழைய வேண்டியதுதான் பாக்கி. 'மாமா, நான்தான்' என்று இரண்டு வார்த்தை. காலில் விழச் சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிடக்கூடச் சொல்லவில்லை அந்த மனிதர்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். அன்பரசுவைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அன்புச்செல்வன்தான் மாமா."

எனக்குக் காது அடைத்துவிட்டது.

"யாரு?" பெரியவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். "நம்ம அன்புச்செல்வனா? எனுக்குக் கண்ணு ஆப்ரேசன் பண்ணப்ப கூடவே இருந்தானே, அவனா? தெனமும் எனுக்கு பம்புசெட்டு போட்டுட்டுப் போறானே, அவனா?"

"ஆமா மாமா. அவன்தான். நான் வேணாண்டான்னு சொன்னேன்."

பெரியவர் முகம் சுருங்கிப்போனது. பத்திரிகையைப் பார்த்தபோதுகூட அப்படி ஆகியிருக்காது. யாரோ ஒருத்தன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, தினமும் வீட்டுக்கு வந்துபோகிற ஒருத்தனைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என் வீட்டுக்காரர். அதுவும் தப்பான ஆளை.

"அன்பரசு" என்றார். "போயி அவன கூட்டியா. ஜல்தி போ."

அன்பரசு சாவியை எடுத்துக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தான். கண்ணைத் துடைத்த இளமதியின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அவளுக்கு என்ன தெரியும்? ஆள் தெரிந்துவிட்டது, பெரியப்பா வருவார், கல்யாணம் நடக்கும். அவ்வளவுதான் அவளுக்கு.

எனக்கு அன்புச்செல்வனைத் தெரியும். வந்து நின்று, இவர் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், 'ஆமாங்க, நான்தான்' என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். சிநேகிதன் மகள் கல்யாணம் என்றால் அதுக்கு மேலும் செய்வார். என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். தெரிந்துதான் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதை நினைத்ததும்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மகளுக்குக் கல்யாணம். எந்தத் தாயும் மூடிக்கொண்டுதான் இருப்பாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு மூடித்தான் பார்த்தேன். அன்பரசு பைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுக்கிற வரைக்கும் மூடியிருந்தேன்.

"தம்பி, வண்டிய எடுக்காதீங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"சாவித்திரி" என்று பல்லுக்குள் சொன்னார் என் வீட்டுக்காரர்.

"ஏம்மா?" என்றாள் இளமதி. "அவரு போயி கூட்டிகினு வரட்டுமே."

அவள் முகத்தைப் பார்த்தால் என்னால் முடியாது. அதனால் பார்க்கவில்லை. அவள் அப்பாவின் எதிரில் போய் நின்றேன்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"